செய்திப்படி லிஃப்ட் ஓடுகிறது

வாரியக் குடியிருப்பின் ஆறாம் தொகுதி லிஃப்ட் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் வந்து, எதையோ மறந்துவிட்டதுபோல நின்றது. நின்றது நின்றதுதான்.

நான்காம் மாடியில் குடியிருந்த தையலம்மாவுக்கு அது தெரிய வந்தது மறுநாள் காலை ஆறேகாலுக்கு. வீடுகளுக்கும் கடைகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கணவர் முப்பது வருஷம் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்து அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்வு பெற்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழரைக்கு மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரம் அவருக்காகக் காத்திருக்கும். கால் மணி நேரம்தான் காத்திருக்கும். அதற்கு மேல் போனால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு வாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாவது முறையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சக்கர நாற்காலி படியில் இறங்காது. அவருடைய முழங்காலும் இறங்காது. தையலம்மா இரண்டாம் மாடிக்கு ஓடிப்போய் ஜிம் மாஸ்டரின் கதவைத் தட்டினாள். அவர் எதிர்வீட்டுப் பேக்கரிக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்றில் டிரைவரை உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றித் திரைச்சீலைத் துணியால் கட்டி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள்.

"இடது பக்கம் ஒடி. இன்னும் ஒடி. நேரா எடு," என்றார் டிரைவர்.

"அண்ணே, நீங்க பேசாம வாங்க."

"பேசாம வந்தா சுவத்துல உரசுவே. முன்னாடி யாரு? பேக்கரியா? பிரேக்கை மெதுவாப் போடப்பா, பின்னாடி பயணி இருக்கான்."

"பயணின்னா பேசாம உக்காரணும். இறங்கற இடம் வந்தா இறங்கிப் போயிட்டே இருக்கணும்," என்றார் பேக்கரிக்காரர், மூச்சு வாங்கியபடி.

கீழே இறக்கி வைத்ததும் ஜிம் மாஸ்டர் தையலம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, சொல்லாம இருக்கக் கூடாது. எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. இருபத்தெட்டாம் தேதி கிளம்பறேன். அதுவரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் தூக்கறேன். அதுக்கப்புறம் பேக்கரி அண்ணன் ஒருத்தரால முடியாது. இப்பவே முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, பாருங்க."

இருபத்தெட்டு வியாழக்கிழமை. இருபத்தொன்பது வெள்ளிக்கிழமை. தையலம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மறுநாள் ஒரு தாளில் புகாரை எழுதிக்கொண்டு குடியிருப்பு வாரியத்துக்குக் கிளம்பினாள்.

வாரியத்தின் தரைத் தளத்தில் முன்பு புகார் ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது பெரிய திரை ஒன்று இருந்தது. திரைக்குப் பக்கத்தில் செய்தி அதிகாரி இருந்தார். மனிதர் சிரித்த முகம். புகாரைக் கையில் வாங்காமலே படித்தார்.

"அம்மா, நாங்க இப்ப மனு வாங்கறதில்ல. செய்திதான் வாங்கறோம்."

"இது செய்திதானே ஐயா? லிஃப்ட் நின்னு போச்சு."

"இது நீங்க சொல்றது. செய்தின்னா அது வரணும்."

"அதான் நான் வந்திருக்கேனே."

"நீங்க வந்திருக்கீங்க. செய்தி வரல." அவர் அவளை உட்காரச் சொன்னார். அவருக்கு இதை விளக்குவதில் அலுப்பே இல்லை. "போன வருஷம் வரைக்கும் இந்த வாரியம் எப்படி நடந்துச்சு தெரியுமா? ஜனங்க வருவாங்க, கத்துவாங்க, அழுவாங்க. யார் சொல்றது நிஜம், யார் சொல்றது பொய்னு ஒண்ணும் புரியாது. பொறியாளர் நேர்ல போய்ப் பார்க்கணும். எவ்வளவு நேரம் வீண்! இப்ப அந்தக் கதையே இல்ல. தினமும் காலையில ஏழு மணிக்கு எல்லா அதிகாரிகளுக்கும் மெயில்ல 'காலைச் சுருக்கம்' போகும். ஒன்பது செய்தி. அதுல இருக்கறது நடந்தது. அதுல இல்லாதது நடக்கல. பொறியாளர் நாற்காலியை விட்டு எழுந்து எட்டு மாசம் ஆச்சு. ஒரு தப்பும் நடக்கல."

"தப்பு நடந்தா எப்படித் தெரியும்?"

"சுருக்கத்துல வரும்."

"வந்திருக்கா?"

"இதுவரைக்கும் வரல. அதான் சொன்னேனே, தப்பே நடக்கல."

தையலம்மா தன் கணவரைப் பற்றிச் சொன்னாள். நான்கு மாடி, மர நாற்காலி, இரண்டு பேர் தூக்குவது, ஏழரை மணி, எல்லாம் சொன்னாள். அதிகாரி இரக்கத்தோடு கேட்டுக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டில் "ஆறாம் தொகுதி, லிஃப்ட், கணவர், சுமக்கிறார்கள்" என்று எழுதி உள்ளே அனுப்பினார்.

"விதிப்படி ஏழு நாள்ல சரியாயிடும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. சுருக்கத்துக்குச் சந்தாதாரர் ஆயிடுங்க. சரியானதும் முதல்ல உங்களுக்குத் தெரியும்."

"என் வீட்டு வாசல்ல இருக்கற லிஃப்ட் சரியானா எனக்கே தெரியுமே ஐயா."

"தெரியும். ஆனா உறுதியாத் தெரியாது இல்லையா?"

ஜிம் மாஸ்டர்தான் அவளுடைய போனில் சந்தா போட்டுக் கொடுத்தார். நிஜமாகவே சந்தா வேண்டுமா என்று ஒரு மெயில் வந்தது. வேண்டும் என்றாள். வேண்டும் என்று சொன்னது அவள்தானா என்று இன்னொன்று வந்தது. ஆமாம் என்றாள். வரவேற்பு மெயில் ஒன்றும், வரவேற்பு மெயில் வந்து சேர்ந்ததா என்று விசாரித்து ஒன்றும் வந்தன. பிறகு, எந்தெந்த விஷயத்தில் ஆர்வம் என்று நாற்பது கட்டங்கள் கொண்ட பட்டியல். தையலம்மா ஒரே ஒரு கட்டத்தில் டிக் போட்டாள்: லிஃப்ட்.

மறுநாள் காலையில் அவளுக்கு முப்பத்தொரு செய்திகள் வந்தன. உலகத்திலேயே வேகமாக ஏறும் லிஃப்ட். கண்ணாடித் தரை போட்ட லிஃப்ட். ஒரு நாட்டில் லிஃப்டில் ஏறிய ஆடு, ஏழாம் மாடியில் ஒழுங்காக இறங்கிக்கொண்ட செய்தி, படத்தோடு. லிஃப்டில் போகும்போது தெரியாதவர்களிடம் என்ன பேசலாம் என்று ஒரு மனநல நிபுணரின் ஐந்து யோசனைகள். ஆறாம் தொகுதியைத் தவிர உலகத்தில் எல்லா லிஃப்டுகளும் ஏதாவது செய்துகொண்டிருந்தன.

டிரைவருக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. போனை அவர் கையிலேயே வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில், "கொஞ்சம் நிறுத்து, கொஞ்சம் நிறுத்து," என்றார்.

"என்னண்ணே, வலிக்குதா?"

"இல்லப்பா. ஒரு ஊர்ல லிஃப்ட்டு பக்கவாட்டுலயும் போகுதாம். படிச்சு முடிச்சுடறேன்."

"நாங்க உங்களைத் தூக்கிட்டு நிக்கிறோம்ணே!"

"அதான் நிதானமாப் படிக்க முடியுது."

"ஏங்க," என்றாள் பின்னால் வந்த தையலம்மா, "ஆடெல்லாம் லிஃப்டுல போகுது. உங்களுக்கு நாலு கால் வேண்டியிருக்கு. போனை மடக்குங்க முதல்ல."

இதற்கு நடுவில் அவள் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தாள். மாடியிலிருந்து இறங்க வழியில்லாத நோயாளிகளுக்கு ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்களை அனுப்பும் ஏற்பாடு அங்கே உண்டு. மூன்றே நாளில் அனுமதி வந்துவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு ஆட்கள் வருவார்கள். தையலம்மாவுக்கு அன்றைக்குத்தான் தையல் நேராக வந்தது.

பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்குக் காலைச் சுருக்கம் வந்தது. செய்தி எண் நான்கு.

டிரைவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"ஆறாம் தொகுதி லிஃப்ட் பழுது நீங்கியது. குடியிருப்போர் மகிழ்ச்சி. குறித்த ஏழு நாளுக்குள் பழுதை நீக்கிய வாரியத்துக்குப் பாராட்டு குவிகிறது. 'என் கணவரை இனி யாரும் சுமக்க வேண்டியதில்லை. என் கண்ணீர் இன்று ஆனந்தக் கண்ணீர்' என்றார் நான்காம் மாடியில் வசிக்கும் இல்லத்தரசி."

"யாருங்க அது நாலாவது மாடியில?"

"நீதான்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"அது போடல. ஆனா நல்லாச் சொல்லியிருக்கே."

அவள் வெளியே ஓடி லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். பெட்டி அதே இடத்தில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், அதே மறதியோடு நின்றுகொண்டிருந்தது. செய்தியோடு வந்த படத்தில் இருந்த லிஃப்டுக்குள் ஒரு பூந்தொட்டியும் சோபாவும் இருந்தன.

அதற்குள் தொகுதி முழுக்கச் செய்தி போய்விட்டது. எல்லோரும் சந்தாதாரர்கள்தான். முதல் மாடி வாத்தியார், லிஃப்டே தேவைப்படாத மனிதர், படியேறி வந்து கைகொடுத்தார்.

"சந்தோஷம்மா. உங்க பேட்டியைப் படிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு."

"வாத்தியாரே, லிஃப்ட் ஓடலையே."

"நீங்க சரியா அழுத்தலை போல."

அவரே வந்து அழுத்தினார். கட்டைவிரலால் அழுத்தினார், பிறகு ஆள்காட்டி விரலால். நெடுநேரம் மரியாதையோடு காத்து நின்றார். பிறகு, "ஓடுது, ஆனா வர மாட்டேங்குது," என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனார்.

மத்தியானம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேசிய குமாஸ்தாவின் குரலில் நல்ல மலர்ச்சி.

"வாழ்த்துகள் மேடம்! எங்க நியூஸ் ஃபீட்ல பார்த்தோம். ஸ்ட்ரெச்சர் ஆளுங்களை ரத்து பண்ணிட்டோம். உங்களுக்கு இனிமே தேவைப்படாதுல்ல?"

"தம்பி, லிஃப்ட் ஓடல. அது பொய்ச் செய்தி."

"பொய்யா? நீங்களே சொல்லியிருக்கீங்களே மேடம், ஆனந்தக் கண்ணீர்னு. சுருக்கத்துல திருத்தம் வந்தா சொல்லுங்க, மறுபடி அனுப்பறோம்."

மறுநாள் தையலம்மா வாரியத்துக்குப் போனபோது செய்தி அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். அப்படி ஒரு மரியாதை அவளுக்கு அங்கே அதுவரை கிடைத்ததில்லை.

"வாங்கம்மா, வாங்க! உங்க செய்தியை எத்தனை பேர் திறந்து படிச்சாங்க தெரியுமா? சுருக்கம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இவ்வளவு பேர் திறந்த செய்தி கிடையாது. வாரிய இயக்குநரே நேத்து ரெண்டு தடவை திறந்திருக்கார். இன்னொரு பேட்டி குடுங்களேன்."

"லிஃப்ட் ஓடல ஐயா."

அதிகாரியின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. ஒரு இடத்துலேருந்து வந்தா நானே நம்ப மாட்டேன். இது மூணு இடத்துல வந்திருக்கு. இது நகரச் செய்தித் தளம். இது குடியிருப்போர் செய்தி மடல். இது லிஃப்ட் தொழில் ஃபீட். மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. ஒரு எழுத்து மாறல."

"ஒரு எழுத்துகூட மாறலைன்னா மூணு பேரும் ஒருத்தரைப் பார்த்து எழுதினதா இருக்கும். இவங்களுக்கு யார் சொன்னாங்க?"

அதிகாரி தேடிப் பார்த்தார். தொழில் ஃபீட் செய்தி மடலிலிருந்து எடுத்திருந்தது. செய்தி மடல் நகரத் தளத்திலிருந்து எடுத்திருந்தது. நகரத் தளம், "வாரியத்தின் காலைச் சுருக்கம்" என்று நன்றி போட்டிருந்தது.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி பெருமையோடு, "நம்ம சுருக்கத்தை எவ்வளவு பேர் நம்பறாங்க!"

"அப்ப உங்க சுருக்கத்துக்கு யார் சொன்னாங்க?"

அதற்கு அவர் தொகுப்பாளரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. உள்ளறையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். நாலு நாள் லீவு முடித்து அன்றுதான் வந்திருந்தாள். முகத்தில் இன்னும் பயணக் களைப்பு இருந்தது.

"நான்தாங்க எழுதினேன். அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தேன். லீவுல இருந்தாலும் சுருக்கம் போயாகணும். அதனால முன்கூட்டியே எழுதித் தேதி போட்டு வெச்சுட்டேன். அந்தந்த நாள் ஏழு மணிக்கு அதுவா போயிடும்."

"லிஃப்ட் சரியாகும்னு உனக்கு எப்படிம்மா முன்கூட்டியே தெரியும்?"

"விதி இருக்கே! ஏழு நாள்ல சரி பண்ணணும். நீங்க ஏழாம் தேதி வந்தீங்க. பதினாலாம் தேதி பழுது நீங்கியதுன்னு எழுதி வெச்சேன்." அவளுக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. "நான் வர்றதுக்குள்ள பொறியாளர் பண்ணிடுவார்னு நினைச்சேன்."

"பொறியாளர் ஏன் பண்ணல?"

"அவர் எப்படிப் பண்ணுவார்?" என்றார் அதிகாரி. "லிஃப்ட் நின்னது சுருக்கத்துல வரலையே. சரியானதுதானே வந்துச்சு."

தையலம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். சிக்கலான நூல்கண்டு கையில் வந்தால் அவள் இழுக்க மாட்டாள். நுனி எங்கே என்று பார்ப்பாள்.

"இன்னும் எத்தனை நாளுக்கு எழுதி வெச்சிருக்கே?"

"அடுத்த மாசம் பதினெட்டு வரைக்கும்."

"அடுத்த மாசம் என்ன நடக்கும்னு தெரியாதே?"

"தெரியாது. அதனாலதான் எல்லாமே நல்ல செய்தியா எழுதறேன்."

"சரி, ஒரு திருத்தம் போடு. ஆறாம் தொகுதி லிஃப்ட் ஓடலைன்னு."

இதுவரை சிரித்துக்கொண்டிருந்த அதிகாரியின் முகம் முதல்முறையாக இறுகியது. திருத்தம் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை.

"அம்மா, நாற்பத்தோராயிரம் பேர் தினம் காலையில கண்ணு முழிச்சதும் நம்மளைத்தான் படிக்கறாங்க. ஒரு நாள் திருத்தம் போட்டா என்ன ஆகும்? மறுநாள் ஜன்னலைத் திறந்து வெளியே பார்ப்பாங்க. அந்தப் பழக்கம் வந்துடக் கூடாது. ஒரு நிர்வாகத்துக்கு அதைவிட ஆபத்து கிடையாது. உங்க ஒரு லிஃப்டுக்காக நாற்பத்தோராயிரம் பேர் நம்பிக்கையைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அப்ப என் வீட்டுக்காரர் எப்படி இறங்குவார்?"

"லிஃப்டுலதான்," என்றார் அதிகாரி. அவர் கேலி செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது தையலம்மாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

வாசல்வரை கூட வந்தது தொகுப்பாளர்தான். படிக்கட்டில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஒண்ணு பண்ணலாம் ஆன்ட்டி. சரியாயிடுச்சுன்னு போட்ட லிஃப்ட் மறுபடி பழுதானா அதுக்குத் தலைப்பு இருக்கு. 'மீண்டும் விரைந்து செயல்பட்ட வாரியம்'னு போடலாம். ஆனா முதல்ல சரியானதுக்கு அப்புறம்தான் பழுதாச்சுன்னு யாராவது எழுத்துல குடுக்கணும்."

"ஒரு தடவைகூடச் சரியாகாததை, சரியாகிப் பழுதாச்சுன்னு யார் குடுப்பாங்க?"

"சரி பண்ணினவங்கதான்."

"சரி பண்ணினவங்க யாரு?"

தொகுப்பாளர் தன் போனில் பார்த்தாள். லிஃப்ட் தொழில் ஃபீடில் அந்தச் செய்திக்குக் கீழே, வாரியத்தின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் நிறுவனம் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தது.

அந்த நிறுவனம் ஊரின் மறுகோடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கட்டடத்தில் இருந்தது. தையலம்மா அங்கே போனது இருபத்திரண்டாம் தேதி. மேலாளர் அறைக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது ஜன்னல் திரையில் ஓரம் பிரிந்து தொங்கிய மடிப்பு. இரண்டாவதாகப் பட்டது சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த செய்தி எண் நான்கு. அவளுடைய ஆனந்தக் கண்ணீரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் வாரியம் கொடுத்த ஒரு கேடயம்: "காலாண்டின் சிறந்த சேவை."

"ஆறாம் தொகுதியிலிருந்து வரேன்," என்றாள்.

மேலாளர் தாடையைத் தடவினார். "ஆறாம் தொகுதியா? அங்கேருந்து எங்களுக்கு அழைப்பே வரலையே. இந்த வருஷம் எங்க ஆளு அந்தப் பக்கமே போகல."

"அப்படியா? அப்ப சுவத்துல இருக்கறது?"

மேலாளர் சுவரைப் பார்த்தார்.

"அதுல இருக்கற இல்லத்தரசி நான்தான்," என்றாள் தையலம்மா.

"ஓ," என்றார் மேலாளர். "உட்காருங்க. நல்லாச் சொல்லியிருந்தீங்க."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. இப்ப நீங்க ஒரே ஒரு பதில் சொல்லுங்க சார். லிஃப்டை நீங்க சரி பண்ணினீங்களா, பண்ணலையா?"

"அது... செய்தி வந்த அன்னிக்குக் காலையில நாங்களும்தான் படிச்சோம். யாரோ நம்ம ஆளு பண்ணியிருக்கான்னு எல்லாருக்கும் சந்தோஷம். யாருன்னு கேட்டோம். மூணு பேர் கை தூக்கினாங்க. மூணு பேருக்கும் பாராட்டுச் சான்றிதழ் குடுத்தோம்."

"பண்ணலைன்னா பண்ணலைன்னு எழுதிக் குடுங்க. நான் வாரியத்துல குடுத்துடறேன்."

மேலாளர் மிரண்டார். வாரியத்தின் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். வாரியத்தின் சுருக்கம் பொய் என்று தன் கையால் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"அது எப்படிம்மா எழுத முடியும்? பண்ணினோம். பண்ணினோம்னே வெச்சுக்கங்க."

"அப்ப உத்தரவாதம் உண்டா?"

"பன்னிரண்டு மாசம்," என்றார் மேலாளர். பழக்க தோஷத்தில் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்க பதினாலாம் தேதி சரி பண்ணின லிஃப்ட் பதினாலாம் தேதியே நின்னு போச்சு. நான் தைச்சுக் குடுத்த திரை ஓரம் பிரிஞ்சா, 'இது நான் தைச்சதா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன் சார். ஊசியை எடுத்துக்கிட்டுப் போவேன். உங்க ஆளை ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க."

மேலாளர் கேடயத்தைப் பார்த்தார். தப்பிக்க வழி எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை.

"உத்தரவாதக் கோரிக்கைக்கு ஐந்து வேலை நாள் ஆகும்," என்றார் கடைசியில்.

தையலம்மா விரல் விட்டு எண்ணினாள். சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை. திங்களிலிருந்து ஐந்து நாள் என்றால் வெள்ளி.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"காலையிலேருந்து சாயங்காலத்துக்குள்ள."

"ஆறு மணிக்கு," என்றாள் தையலம்மா. "இல்லைன்னா இயக்குநருக்கு இன்னொரு பேட்டி குடுப்பேன். அவர் என் செய்தியை ரெண்டு தடவை திறந்து படிக்கறவர்."

இருபத்தெட்டாம் தேதி ஜிம் மாஸ்டர் பெட்டிகளோடு கிளம்பினார். டிரைவரிடம் விடைபெறும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஓட்டினேப்பா," என்றார் டிரைவர். "ஒரு இடத்துலகூட உரசல."

இருபத்தொன்பதாம் தேதி ஆறு மணிக்கு மெக்கானிக் வரவில்லை. ஆறேகாலுக்கும் வரவில்லை. டிரைவரைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, லிஃப்ட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள் தையலம்மா. புதன்கிழமை டயாலிசிஸ் ஆன பிறகும் அவருடைய கணுக்கால் வீக்கம் வடியவில்லை. செருப்பு ஏறவில்லை.

"வர மாட்டான்," என்றார் டிரைவர்.

"வருவான்."

"இன்னிக்கு ஒரு நாள் தவறினா ஒண்ணும் ஆகாது. திங்கள் பார்த்துக்கலாம்."

"உங்க கால்ல செருப்பு ஏறட்டும், அப்புறம் தைரியம் சொல்லுங்க எனக்கு."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"திரைத்துணி மாதிரி இருக்கேன். யாராவது தொட்டா ஆடுவேன். பேசாம இருங்க."

ஆறரைக்கு மெக்கானிக் வந்தான். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பாராட்டுச் சான்றிதழ் வாங்கிய மூவரில் ஒருவன் என்று அவனே சொல்லிக்கொண்டான். மூன்றாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து பெட்டிக்கு மேல் இறங்கினான். தட்டும் சத்தமும், திட்டும் சத்தமும் கேட்டன. பதினெட்டு நிமிஷம். பிறகு லிஃப்ட் ஒரு செருமல் செருமி, ஏறி, நான்காம் மாடிக்கு வந்து நின்றது. கதவு திறந்தது.

"என்ன ஆகியிருந்துச்சு?" என்றாள் தையலம்மா.

"கதவுல ஒரு ஸ்விட்ச். இத்தனூண்டு. தூசி அடைச்சிருக்கு." கட்டைவிரல் நகத்தைக் காட்டினான். "துடைச்சு விட்டேன்."

"இதுக்கா மூணு வாரம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இதுல கையெழுத்துப் போடுங்க." பையிலிருந்து படிவத்தை எடுத்தான்.

தையலம்மா வாசித்தாள். வருகையின் காரணம்: உத்தரவாதப் பரிசோதனை. கண்ட பழுது: ஏதுமில்லை. செய்த வேலை: ஏதுமில்லை. மேற்படி லிஃப்ட் பதினான்காம் தேதி முதல் இடையறாது ஓடிக்கொண்டிருக்கிறது எனக் குடியிருப்பவர் உறுதி அளிக்கிறார்.

"என்னப்பா இது? பழுதாச்சு, வந்தோம்னுதானே உங்க மேலாளர் ஒத்துக்கிட்டாரு?"

"ராத்திரி வாரியத்துல பேசியிருக்காங்க. மறுபடி பழுதானா கேடயத்தைத் திருப்பிக் குடுக்கணுமாம். அதனால பழுதாகல."

"வேலை ஏதுமில்லைன்னா உன் கையில அது என்ன கரி?"

அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது என் சொந்தக் கரிம்மா."

"கையெழுத்துப் போடலைன்னா?"

"பெட்டியைப் பழைய இடத்துலயே கொண்டுபோய் நிறுத்திட்டு வரச் சொல்லியிருக்காங்க." அவன் குரல் இறங்கியது. "எனக்கும் அப்பா இருக்காரும்மா. போட்டுடுங்க. சீக்கிரம் போட்டுடுங்க."

மணி ஆறு ஐம்பது. டிரைவர் திறந்த லிஃப்டைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய மூச்சில் லேசாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

தையலம்மா பேனாவை வாங்கினாள். இதுவரை அவள் வாயில் போட்ட பொய்களெல்லாம் மற்றவர்கள் எழுதியவை. இதை அவளே எழுத வேண்டும். சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"கருத்தும் எழுதணும்மா," என்றான் மெக்கானிக். "கீழே கட்டம் இருக்கு. கட்டாயம். நாளைக்குச் சுருக்கத்துல போடுவாங்க."

அவள் கட்டத்தில் இரண்டு சொற்கள் எழுதிக் கொடுத்துவிட்டு நாற்காலியைத் தள்ளினாள்.

மெக்கானிக் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தான். "'வழி விடுங்கள்'. இது கருத்து இல்லையேம்மா!"

"வேற ஒண்ணும் இல்லப்பா என்கிட்ட," என்றாள், மூடிக்கொண்டிருந்த கதவுக்கு உள்ளிருந்து.

படிவத்தின்படி அந்த லிஃப்டுக்கு அன்று காலை ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காத அந்த லிஃப்டில் இருவரும் இறங்கி, ஏழு நாற்பத்திரண்டுக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்கள்.